வெண்கலம் மட்டும் இருக்கட்டும்

திருவண்ணாமலையில், செங்கம் சாலை ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. காலையில் ஆசிரமத்துப் பக்கமிருந்து வேதபாராயணம் காற்றில் வந்தால் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்ட வேண்டும். முன்வாசல் இலுப்பை மரத்துப் பக்கம் சாதுக்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றால் முற்பகல். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தமிழ்ப் பாராயணம் தொடங்கிவிட்டால் விளையாட்டை விட்டுக் கைகால் கழுவ வேண்டும். நடுநடுவே மயில்கள் அகவும். பௌர்ணமி இரவில் மட்டும் பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றுகிறவர்களின் காலடிச் சத்தம் விடியும்வரை ஓயாது. இத்தனை அடக்கமான ஒலிகளுக்கு நடுவே எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு முழு டிரம் செட் இருந்தது.

அது சித்தப்பாவுடையது. பழைய வாத்தியக்காரர்கள் வழக்கப்படி அதை அவர் 'ஜாஸ் செட்' என்றுதான் சொல்வார். ஊரில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் அவர் டிரம்மர். ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாக்கள், ஆவணியிலும் தையிலும் கல்யாணங்கள், பொங்கலுக்கு ஊர்ப் பொதுமேடை என்று செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கமெல்லாம் வேனில் போய்வருவார்கள். விடிகாலையில் திரும்பி வந்து, தூங்கப்போகும் முன்பே டிரம்களை உறை கழற்றித் துடைத்து வைப்பார். பனியில் நனைந்த கம்பிகள் துருப்பிடித்துவிடுமே என்ற கவலை அவரைத் தூங்கவிடாது.

வீட்டில் அவர் அடிப்பதே இல்லை. யாரும் தடுக்கவில்லை, அவருக்கே மனம் வரவில்லை. 1896 செப்டம்பர் முதல் தேதி ரயிலில் வந்து இறங்கி, பின்னாளில் ரமணர் என்று பெயர்பெற்ற பையன் ஒருவன், பேசாமல் உட்கார்ந்தே ஓர் ஊரின் குணத்தை மாற்றிய இடம் இது. 1922இல் அவருடைய தாயார் அழகம்மாள் மறைந்து, அந்தச் சமாதியைச் சுற்றி ஆசிரமம் எழுந்தது. அதைச் சுற்றித் தெருக்கள் வந்தன, அவற்றில் ஒன்றில் நாங்கள் வந்தோம். "இந்தத் தெருவுல குந்திகினு டமடமன்னு அடிச்சா அது முறையில்ல" என்பார் சித்தப்பா. கூடத்தில் அவருக்குத் துணை ஒரு மரப்பலகைதான். அதன்மேல் லாரி டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அந்த ரப்பரில் குச்சி படும் மெத்தென்ற சத்தம் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

உண்மையான சாதகம் சமுத்திரம் ஏரியில். கோடையில் ஏரி வற்றி வெடித்துக் கிடக்கும். ஸ்னேரையும் ஹைஹாட்டையும் டி.வி.எஸ். 50இல் கட்டி, தாங்கிப் பிடிக்க என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவார். கரையை விட்டு வெகுதூரம் உள்ளே நடந்து ஸ்டாண்டை விரிப்பார். எதிரே மலை முழுசாகத் தெரியும். முதல் ரோல் கிளம்பியதும் தரையில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எழும்பிப் போகும். கொஞ்ச நேரத்தில் அவையும் பழகித் திரும்பி வந்து இறங்கும்.

எனக்கு அந்த செட்டை மாட்டத் தெரியும், கழற்றத் தெரியும். ஒவ்வொன்றின் பெயரும் அளவும் அங்குலத்தில் மனப்பாடம். காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம் 22, மேலே பொருத்தும் டாம் இரண்டும் 12, 13, தரையில் மூன்று காலில் நிற்கும் ஃப்ளோர் டாம் 16, ஸ்னேர் 14. டிரம் கீயை என்னிடம்தான் தருவார். ஒரு திருகைக் கொஞ்சம் முறுக்கினால் அடுத்ததை முறுக்கக் கூடாது, நேரெதிர்த் திருகுக்குப் போக வேண்டும். அப்போதுதான் தலை என்கிற அடிபடும் பரப்பு ஒரு பக்கம் சாயாமல் சமமாக இழுபடும். எல்லாத் திருகையும் சுற்றிவந்த பிறகு ஒவ்வொரு திருகின் அருகிலும் விரலால் தட்டி, சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பார். டிரம்முக்கும் சுருதி உண்டு என்று நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். அந்தத் தலைகள் ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ இல்லை, மைலார் என்ற பிளாஸ்டிக். 1957 வாக்கில் அமெரிக்காவில் அது வந்த பிறகு, மழைக்காலத்தில் தொய்ந்துபோகும் தோலை உலகம் முழுக்க டிரம்மர்கள் கைவிட்டார்கள். கார்த்திகைப் பனியிலும் தொய்யாமல் சித்தப்பாவின் டாம் பேசியதற்கு அதுதான் காரணம்.

அந்த செட் அவருக்குக் கோடம்பாக்கத்திலிருந்து வந்தது, செகண்ட் ஹேண்டாக. ஒரு காலத்தில் சினிமாப் பாட்டுப் பதிவு என்றால் ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். நோயல் கிராண்ட், புருஷோத்தமன் போன்ற டிரம்மர்கள் கொடிகட்டிப் பறந்தது அந்தக் கூடங்களில்தான். 1986இல் வந்த 'புன்னகை மன்ன'னில் இளையராஜா சீக்வென்சரைக் கையாண்டார். 1992இல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஸ்டுடியோவில் தாளத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. வேலை குறைந்த வாத்தியக்காரர்கள் விற்ற கருவிகள் வெளியூர் மெல்லிசைக் குழுக்களுக்கு வந்து சேர்ந்தன. எங்கள் கூடத்து செட்டும் அப்படி இடம் மாறியதுதான். அதனால் சித்தப்பாவுக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை. அதில் எந்தப் பாட்டெல்லாம் வாசிக்கப்பட்டிருக்குமோ என்று அவர் சொல்லும்போது, டிரம் கீ பிடித்த என் கை நடுங்கும்.

கோடம்பாக்கத்தில் நடந்தது சில வருஷத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. குழு வைத்திருந்த அண்ணன் ஒருநாள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, பட்டும் படாமலும் பேச்சை எடுத்தார். "எல்லா ட்ரூப்பும் பேடுக்கு மாறிட்டாங்க தம்பி. நாமளும் மாறலைன்னா கச்சேரி கைநழுவிப் போயிடும்."

பேடு என்று அவர் சொன்னது ரிதம் பேடு. எட்டு ரப்பர் கட்டங்கள் கொண்ட ஒரு தட்டையான பெட்டி. இந்த வகையில் 1985இல் ரோலண்ட் கம்பெனி வெளியிட்ட முதல் ஆக்டோபேடுக்குச் சொந்தக் குரல் கிடையாது, வேறொரு பெட்டியோடு இணைத்தால்தான் சத்தம் வரும். 1998இல் வந்த எஸ்.பி.டி-20 நூற்றுக்கணக்கான ஒலிகளைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. ஒரு கட்டத்தில் குச்சியால் தட்டினால் தபலா, இன்னொன்றில் டோலக், அடுத்ததில் பேஸ் டிரம். தமிழ்நாட்டு மெல்லிசை மேடைகள் அதை அள்ளி அணைத்துக்கொண்டதில் வியப்பில்லை. டிரம் செட்டுக்கு ஆறடிக்கு ஆறடி இடம் வேண்டும், மாட்ட நேரம் வேண்டும், ஒவ்வொரு டிரம்முக்கும் மைக் வேண்டும், வேனில் பாதி இடம் வேண்டும். பேடு ஒரு தோள்பையில் அடங்கிவிடும். அதிலிருந்து ஒரு வயரை மிக்சருக்கு இழுத்தால் வேலை முடிந்தது. தாளத்துக்கு மூன்று ஆளுக்குச் சம்பளம் கொடுத்த இடத்தில் ஒருவருக்குக் கொடுத்தால் போதும் என்பது பேசப்படாத இன்னொரு காரணம்.

சித்தப்பா சென்னைக்குப் போய் விலை கேட்டு வந்தார். அவர் கையிருப்பு அதன் பாதியைக்கூடத் தொடவில்லை. அப்படியானால் டிரம் செட்டை விற்க வேண்டும், விற்ற பிறகே புதியது வாங்க முடியும். எங்கள் வீடு மழைக்காலம் முழுவதும் இதையே பேசியது. எங்கள் ஊர் விசிறி சாமியார் சமாதியான 2001ஆம் வருஷம் அது.

ஆயாவுக்கு முதலில் பேடு என்னவென்றே பிடிபடவில்லை. "இன்னாடா இது, பொட்டிக்குள்ள மேளத்தைப் போட்டு அடைச்சிட்டானுங்களா?" என்று கேட்டார். புரிந்த பிறகு விற்கவே கூடாது என்றார். சோறு போட்ட பொருளைக் காசுக்குத் தரக் கூடாது என்பது அவருடைய கட்சி.

அப்பா, "புதுசு கைக்குப் பழகட்டும். ஒரு சீசன் மேடையில வாசிச்சுப் பாரு. அப்புறம் பழசை வித்துக்கலாம். பத்தாததுக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார்.

"இல்லண்ணா, உன்னைக் கடனாளியாக்கிட்டு நான் பேடு வாசிக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா.

அடுத்த தெருவில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் யோசனை கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். பலாமரத்தில் கடைந்த தவில் கட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தோல் போனா தோல் மாத்திக்கலாம். வார் போனா போல்ட்டு போட்டுக்கலாம். கட்டையை மட்டும் குடுத்துடாதே. இது எங்கப்பா வாசிச்ச கட்டை." தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் அது முற்றிலும் உண்மை. நன்றாக விளைந்த பலாக்கட்டை தலைமுறைகளைத் தாண்டி நிற்கும், நாதம் அதில்தான் இருக்கிறது. சித்தப்பா தலையாட்டிவிட்டு வந்தார். வந்து டாமின் தலையைக் கழற்றி உள்பக்கம் எனக்குக் காட்டினார். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பிளைவுட். ஓரிடத்தில் ஈரம் ஏறி ஏடு பிரிந்திருந்தது. "பெரியவர் சொன்னது அவர் கட்டைக்குச் சரி. இதுக்கு அது பொருந்தாது" என்றார். எவ்வளவு பெரியவர் சொன்னாலும் தன் கையிலிருக்கும் பொருளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அவரிடம் நான் கற்றேன்.

அப்படியானால் இந்த செட்டில் காப்பாற்ற வேண்டியது எது? அதைச் சொன்னவர் ஆசிரமத்துக்கு வந்து எங்கள் தெருவில் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர். வெள்ளை வேட்டி கட்டி, தலையைக் குனிந்தபடி போய்வருகிறவர். தன் நாட்டில் இளவயதில் டிரம்ஸ் வாசித்தவராம். விற்கப்போகிறோம் என்று தெரிந்து பார்க்க வந்தார். டிரம்களை ஒருமுறை தட்டினார், அவ்வளவுதான். சிம்பல்களிடம் போனதும் உட்கார்ந்துவிட்டார். பெரிய ரைடு சிம்பலைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்து, தேய்ந்து மங்கியிருந்த முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். சில்ஜியன். 1623இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஓர் அர்மீனியர் தொடங்கிய பட்டறை, பிறகு அமெரிக்காவுக்குப் போய் இன்றும் நடக்கிறது. செம்பு எண்பது பங்கு, வெள்ளீயம் இருபது பங்கு சேர்ந்த வெண்கலம். மலிவான செட்டுகளோடு வருவது பித்தளைத் தட்டு, அடித்தால் தகரம் போலச் சத்தம் போட்டு அடங்கிவிடும். இதுவோ ஒருமுறை தட்டினால் மெல்லக் கனன்று விரிந்து வெகுநேரம் நிற்கும். வயசாக வயசாக முனைப்பு குறைந்து குரல் கனியும். "மரத்தை விற்றுவிடுங்கள், இதை விற்காதீர்கள்" என்பதைத் தமிழும் இங்கிலீஷும் கையசைவும் கலந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆயா அந்தச் சிம்பலை வாங்கிச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். "அட, இது கோயில் மணி ஆச்சே!" என்றார். ஆயா சொன்னது சரி. மணி வார்ப்பதும் இதே இனத்து வெண்கலத்தில்தான். அதற்கு முந்தைய வாரம்தான் பழைய பாத்திரம் எடுக்கிற ஒருவர் அந்தச் சிம்பல்களைத் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்று ராத்திரி நடந்த பேச்சுதான் என் நினைவில் ஆழமாக இருப்பது. ஆயாவின் அம்மா ரமணரை நேரில் பார்த்தவர். அவர் சொல்லக் கேட்ட கதைகளை ஆயா எங்களுக்குச் சொல்வார். "பகவான் தேங்காச் செரட்டையைக்கூடத் தூக்கிப்போட மாட்டாராம். தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணாடி மாதிரி கிண்ணம் பண்ணுவாராம். எழுதாத பக்கம் இருந்தா அந்தக் காகிதத்தைச் சேர்த்துத் தைச்சு நோட்டாக்குவாராம். கோவணம் கிழிஞ்சப்போ முள்ளை ஊசியாக்கி, அந்தத் துணியிலேர்ந்தே நூலை உருவித் தைச்சுக்கினாராம். நீ என்னடான்னா முழு மேளத்தை விக்கிறேங்கிற."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆயிரம் பேர் என்னென்னவோ கொண்டுவந்து குடுத்தாங்க. அவர்கிட்ட கடைசிவரைக்கும் இருந்தது கோவணமும் தடியும் கமண்டலமும்தானேம்மா" என்றார்.

இரண்டும் உண்மை. ஒரே மனிதரைப் பற்றியவை. அப்பாதான் அந்த இரண்டையும் சேர்த்தார்: "பயன் தீராததைத் தூக்கிப்போடலை, பயன் தீர்ந்ததைச் சேர்த்து வச்சுக்கலை. அப்ப நீ செட்டை விக்கலாமா வேணாமான்னு கேக்கக் கூடாது. ஒவ்வொரு உருப்படியா எடுத்து, இது உனக்கு இன்னும் வேலை செய்யுமான்னு கேளு."

மறுநாள் கூடத்தில் செட் முழுவதும் பிரித்துப் பரப்பப்பட்டது. பேஸ் டிரம்: அந்தச் சத்தம் பேடில் கனமாகவே இருக்கிறது, போகலாம். டாம் இரண்டும் ஃப்ளோர் டாமும் அப்படியே. ஸ்னேரில் வந்து நின்றது. குச்சியை உருட்டி மெதுவாகத் தொடங்கிப் பெருக்கிக்கொண்டே போகும் ரோலை ரப்பர் கட்டம் தராது. அதில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒரே குரலில் விழும். விளிம்பையும் தலையையும் சேர்த்து அடிக்கும் அடிக்கு ஈடு கிடையாது. ஸ்னேர் இருக்கட்டும். ஹைஹாட்டின் இரண்டு தட்டையும் காலால் மூடித் திறக்கும்போது கிடைக்கும் நூறு நிலைகள் பெட்டிக்குள் இல்லை. அதுவும் இருக்கட்டும். ரைடு, கிராஷ் இரண்டும் இருக்கட்டும். உட்காரும் ஸ்டூலும் பெடலும் எந்தச் செட்டுக்கும் பொருந்தும், அவையும் இருக்கட்டும். உலகம் முழுக்க டிரம்மர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தங்களோடு தூக்கிப்போவது ஸ்னேர், சிம்பல், பெடல் என்ற இந்த உருப்படிகளைத்தான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஒரு டிரம்மரின் கையெழுத்து அவற்றில்தான் இருக்கிறது. மரம் யாருடையதாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

எப்போது விற்பது என்பதிலும் அப்பா தெளிவாக இருந்தார். ஐப்பசியில் கேட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சபைகளில் பாடகர் குழுவுக்குக் கருவி தேடுவார்கள். அதேபோல மார்கழியில் நமக்குக் கல்யாணக் கச்சேரி கிடையாது, செட் இல்லாவிட்டாலும் வேலை கெடாது. அவர் கணக்கு பலித்தது. கார்த்திகை தீபத்துக் கூட்டம் கலைந்து, மலையுச்சியில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்த நாளில், செங்கம் பக்கத்துக் கிராமத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து இரண்டு பையன்களும் ஒரு பெரியவரும் வந்தார்கள். பையன்களில் ஒருவன் பேஸ் டிரம்மைத் தொட்டும் தொடாமலும் சுற்றிச் சுற்றி வந்தான். சித்தப்பா அவனை உட்காரவைத்து, தன் ஸ்னேரையும் சிம்பலையும் இணைத்து, முழு செட்டை ஒருமுறை வாசிக்கவிட்டார். எங்கள் வீட்டில் அந்த செட் முழுதாக ஒலித்தது அன்று ஒருநாள்தான். பிறகு எது விற்பனைக்கு, எது இல்லை என்று எடுத்துவைத்தார். ஏடு பிரிந்திருந்த டாமையும் மறைக்காமல் காட்டி அதற்கு விலையைக் குறைத்தார். புது சிம்பலும் ஸ்னேரும் எங்கே வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். டிரம் கீயை அவனிடம் நான்தான் கொடுத்தேன். நேரெதிர்த் திருகு பாடத்தையும் சொல்லிக்கொடுத்தேன்.

வந்த பணத்தோடு கையிருப்பும் சேர்த்து, மீதிக்கு அப்பாவிடம் கொஞ்சம் வாங்கி, தை பிறப்பதற்குள் பேடு வந்தது. அப்பாவுக்குத் தர வேண்டியதை ஆடி முடிவதற்குள் சித்தப்பா தீர்த்துவிட்டார். மேடையில் அவருக்கு இடப்பக்கம் ஹைஹாட், நடுவில் ஸ்னேர், வலப்பக்கம் பேடு, தலைக்கு மேலே அந்த வெண்கலத் தட்டுகள். தபலாவும் டோலக்கும் பேடு பார்த்துக்கொள்ளும். பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் உண்மையான சிம்பல் விழும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இன்று தமிழ்நாட்டில் பல மெல்லிசை மேடைகளில் நீங்கள் பார்ப்பதும் பேடும் சிம்பலும் கலந்த இந்த அமைப்பைத்தான்.

அந்தப் பேடு இப்போது இல்லை. ரப்பர் தேய்ந்து, உள்ளே ஏதோ பழுதாகி, அதற்குப் பின்னால் வந்த மாடல்களுக்கு இடம் கொடுத்துப் போய்விட்டது. வெண்கலத் தட்டுகள் இன்றும் வீட்டில் இருக்கின்றன. அவற்றில் வாசித்துப் பழகிய பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

புது செட் வாங்கும் ஆசையில் பழையதை விற்கலாமா என்று யோசிக்கிற தம்பி தங்கைகளுக்கு என் சித்தப்பாவின் கூடத்திலிருந்து நான் சொல்லக்கூடியது இதுதான். முழுசாக விற்கவும் வேண்டாம், முழுசாகப் பூட்டிவைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்னேரையும் நல்ல வெண்கலச் சிம்பலையும் பெடலையும் வைத்துக்கொள்ளுங்கள், டிரம்களைக் கொடுங்கள். முடிந்தால் ஒரு சீசன் புதியதில் வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். குறையைச் சொல்லிக் கொடுங்கள். வாங்க வருகிறவர்களில் விலை கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் கற்றுக்கொள்ளப்போகிற பிள்ளை யார் என்று பார்த்துக் கொடுங்கள். தராசு கொண்டுவருகிறவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.